சுரங்க ரயில் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு: கீத் ஹேரிங்கின் தெருவோவியங்கள்

கீத் ஹேரிங் (4 மே 1958 – 16 பிப்ரவரி 1990) நியூயார்க் நகரின் சுரங்க ரயில் நிலையங்களில் வரையத் தொடங்கி உலகப் புகழ் பெற்ற அமெரிக்க ஓவியர். ஒளிக்கதிர்கள் சூழத் தவழும் குழந்தை, சதுர வாயைத் திறந்து குரைக்கும் நாய், கைகளை உயர்த்தி ஆடும் முகமற்ற மனிதர்கள் ஆகிய உருவங்களை அவருடைய பெயர் தெரியாதவர்களும் எங்காவது பார்த்திருப்பார்கள். டி-ஷர்ட்டிலோ, காலணியிலோ, கைப்பேசி உறையிலோ அவை கண்ணில் பட்டிருக்கும். இன்றைய பார்வையாளருக்கு ஹேரிங் பெரும்பாலும் இப்படித்தான் அறிமுகமாகிறார்.

இந்த அறிமுகமே அவரைப் புரிந்துகொள்ளத் தடையாகவும் அமைகிறது. பொருள்களின்மேல் அச்சாகி வரும்போது அவருடைய உருவங்கள் நிறுவன முத்திரைகளைப் போலத் தோன்றுகின்றன. "இதை யார் வேண்டுமானாலும் வரையலாமே" என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. அந்த எண்ணத்தைத் தாண்டிச் செல்ல ஒரு வழி உண்டு. ஒவ்வொரு படமும் முதலில் எங்கே, எதன்மேல், எவ்வளவு நேரத்தில், யார் முன்னிலையில் வரையப்பட்டது என்று கேட்பதே அது. ஹேரிங்கின் எளிமை எங்கிருந்து வந்தது, அது எங்கே வலுப்பெறுகிறது, எங்கே நீர்த்துப்போகிறது என்பவற்றை இக்கேள்விகள் தெளிவாக்குகின்றன.

கருப்புத் தாள்

பென்சில்வேனியா மாநிலத்தின் ரெடிங் நகரில் பிறந்த ஹேரிங், குட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் வளர்ந்தார். கேலிச்சித்திரம் வரைவதில் ஆர்வம் கொண்ட தந்தையிடம் வரைதலின் அடிப்படைகளைக் கற்றார். வால்ட் டிஸ்னியின் படங்களும் டாக்டர் சூஸின் சிறுவர் நூல்களும் அவருடைய தொடக்கப் பாடங்களாக இருந்தன. பிட்ஸ்பர்க் நகரில் வணிக ஓவியம் கற்கச் சேர்ந்தவர், அதில் மனம் ஒட்டாமல் விலகினார். 1977இல் அங்கே பெல்ஜிய ஓவியர் பியர் அலெஷின்ஸ்கியின் கண்காட்சியைப் பார்த்தார். தூரிகை ஓடும் போக்கிலேயே உருவங்கள் பிறக்கும் அப்படங்கள், தம் கோடுகளைப் பெரிய அளவில் வரையலாம் என்ற துணிவை அவருக்குக் கொடுத்தன. 1978இல் நியூயார்க் சென்று ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்காலத்து நியூயார்க்கில் சுரங்க ரயில் பெட்டிகளின் உள்ளும் புறமும் கிராஃபிட்டி நிறைந்திருந்தது. பெரும்பாலும் கருப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் தங்கள் பெயர்களை வண்ணத் தெளிப்பானால் எழுதிய அந்த எழுத்துக்களின் துணிவையும் கைத்திறனையும் ஹேரிங் மதித்தார். ஆனால் அவர்களைப் பின்பற்றி எழுதாமல், தமக்கான ஓர் இடத்தைத் தேடினார்.

1980இல் அந்த இடம் கிடைத்தது. நிலையங்களின் நடைமேடைச் சுவர்களில் விளம்பரங்களுக்கான சட்டங்கள் இருந்தன. ஒரு விளம்பரத்தின் காலம் முடிந்து அடுத்தது வராதபோது, பழைய விளம்பரத்தின்மேல் மங்கிய கருப்புத் தாளை ஒட்டிவிடுவார்கள். நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் அந்தத் தாள்களைக் கடந்து சென்றார்கள். அவை கரும்பலகைகளாக ஹேரிங்கின் கண்ணுக்குப் பட்டன. அவர் தெருவுக்கு ஏறிச் சென்று வெள்ளைச் சாக்பீஸ் வாங்கி வந்து வரைந்தார்.

1980 முதல் 1985 வரை நூற்றுக்கணக்கான படங்களை அவர் இவ்வாறு வரைந்தார். சில நாள்களில் நாற்பது படங்கள் வரைக்கும் வரைந்ததுண்டு. சுரங்க ரயிலைத் தம் ஆய்வுக்கூடமாகவே அவர் கருதினார். பயணிகள் அருகில் வந்து என்ன இது, எதற்கு இது என்று கேட்பார்கள். தவழும் குழந்தை உருவம் பொறித்த சட்டைப் பொத்தான் வில்லைகளை அவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார். காவலர்கள் அவரைப் பலமுறை பிடித்து அபராதம் விதித்தார்கள்.

கோட்டின் இயல்பு

இப்படங்களின் சிறப்பை உணர, அவை வரையப்பட்ட சூழலை மனத்தில் வைக்க வேண்டும். சாக்பீஸ் கோட்டை அந்தத் தாளில் சுத்தமாக அழித்துத் திருத்த முடியாது. அழித்தால் வெள்ளைத் திட்டு தங்கிவிடும். முன்கூட்டியே பென்சிலால் வரைந்து பார்க்க நேரம் இல்லை. எந்த நேரமும் காவலர் வரலாம். பின்னால் மக்கள் நின்று பார்க்கிறார்கள். எனவே முதல் கோடே இறுதிக் கோடாக அமைய வேண்டும்.

மறுபுறம், சாக்பீஸ் சில வசதிகளையும் தந்தது. தூரிகையை அடிக்கடி வண்ணத்தில் தோய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கை நிற்கும். சாக்பீஸில் அந்த இடைவெளி இல்லை. வண்ணம் வழியாது, காயும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை கை ஒரே ஓட்டமாகச் செல்லலாம். ஹேரிங்கின் கோடு எங்கும் ஒரே தடிமனுடன் இருப்பதற்கும், மூலைகள் கூர்மையாக முறியாமல் வளைந்து திரும்புவதற்கும் இந்தக் கருவியும் இந்த அவசரமும் காரணங்களாயின.

முகங்களில் கண், மூக்கு, வாய் இல்லாமல் இருப்பதையும் இவ்வாறே விளக்கலாம். ரயிலைப் பிடிக்க விரையும் ஒருவர் ஒரு படத்துக்குத் தரும் நேரம் சில நொடிகள். அந்த நொடிகளில் முகபாவத்தைப் படிக்க இயலாது. உடலின் நிலையைப் படித்துவிடலாம். கைகள் உயர்ந்திருக்கின்றனவா, முதுகு வளைந்திருக்கிறதா, கால்கள் ஓடுகின்றனவா என்பதே ஹேரிங்கின் சொற்கள். உருவங்களைச் சுற்றி அவர் இடும் சிறு கோடுகள் அசைவையும் ஒலியையும் ஒளியையும் குறிக்கின்றன. சித்திரக்கதைகளில் பழகிய இந்த உத்தியை அவர் ஓவியத்தின் முதன்மை மொழியாக உயர்த்தினார்.

சிறுவர் வரைவதைப் போன்ற எளிமை என்று இதைச் சொல்வதுண்டு. சிறுவர் ஓவியத்தில் பக்கத்தின் இடம் தீர்ந்துபோகும். கை ஒரு பக்கம் பெரிதாகவும் கால் மறுபக்கம் நெருக்கமாகவும் விழும். ஹேரிங்கின் படங்களில் சட்டத்தின் நான்கு ஓரங்களும் முதலிலேயே கணக்கில் எடுக்கப்பட்டுள்ளன. உருவம் பெரும்பாலும் சட்டத்தை நிறைக்கிறது, ஆனால் இடிப்பதில்லை. மாதிரிப் படம் இல்லாமல், நின்ற நிலையில், இந்த அளவுக்கு இடத்தைப் பங்கிடுவது நீண்ட பயிற்சியின் விளைவு. சில ஆண்டுகளில் பல மீட்டர் உயரச் சுவர்களை அவர் முன்வரைவு இன்றி வரைய முடிந்ததற்கு இந்தப் பயிற்சியே அடித்தளம்.

தலைப்பில்லாப் படங்கள்

ஹேரிங் தம் படங்கள் பலவற்றுக்குத் தலைப்பு வைக்கவில்லை. கல்லூரியில் குறியியல் பயின்றவர் அவர். ஓர் உருவத்தின் பொருள் அது எந்த உருவத்தின் பக்கத்தில் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும் என்பதை அவர் நடைமுறையில் சோதித்தார். பறக்கும் தட்டிலிருந்து கதிர் பட்ட நாய் ஒரு படத்தில் மனிதர்களால் வணங்கப்படுகிறது. வேறொரு படத்தில் அதே நாய் அவர்களை விரட்டுகிறது. தொலைக்காட்சிப் பெட்டி ஒரு நிலையத்தில் தலையாகிறது. அடுத்த நிலையத்தில் தெய்வமாகிறது. ஒரே வழித்தடத்தில் நாள்தோறும் செல்லும் பயணிக்கு இவை ஒன்றோடொன்று தொடர்புடைய, முடிவில்லாத கதையாக விரிந்திருக்கும்.

வயிற்றில் துளையுடன் நிற்கும் மனிதன் அவருடைய தொடக்கக் காலக் குறியீடுகளில் முக்கியமானது. 1980 டிசம்பரில் இசைக்கலைஞர் ஜான் லெனான் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி இவ்வுருவம் பிறந்தது என்பர். ஆனால் அந்தத் துளையின் வழியாக நாய்கள் தாவுகின்ற படங்களும் உண்டு. இரங்கலில் தொடங்கிய குறியீடு விளையாட்டாகவும் மாறுகிறது. பொருளைப் பூட்டி வைக்காத இந்தப் பண்புதான், எந்த நாட்டுப் பார்வையாளரும் விளக்கக் குறிப்பின்றி இப்படங்களுக்குள் நுழைய வழி செய்கிறது.

நேரடியாகச் செய்தி சொல்ல வேண்டிய இடங்களில் அவர் அளவுகளைப் பயன்படுத்தினார். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிராக 1985இல் அவர் உருவாக்கிய சுவரொட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிகப் பெரிய கருப்பு உருவத்தின் கழுத்தில் கயிறு இருக்கிறது. மறுமுனையைப் பிடித்திருப்பது மிகச் சிறிய வெள்ளை உருவம். எண்ணிக்கையில் சிறியவர்கள் பெரியவர்களைக் கட்டி ஆளும் அநீதியை விளக்க வேறு சொல் தேவைப்படவில்லை. கட்டப்பட்டவனின் கால் கட்டியவனை மிதிக்க எழுந்துவிட்டது என்பதில் வரப்போகும் மாற்றமும் அடங்கிவிடுகிறது.

ஆடுகளச் சுவர்

ஹேரிங்கின் சுவரோவியங்களில் இடமும் செய்தியும் மிக இறுகப் பிணைந்தது, 1986இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் வரைந்த 'கிராக் இஸ் வேக்'. கிராக் என்பது கோக்கைனிலிருந்து செய்யப்படும், மலிவாகக் கிடைத்த போதைப்பொருள். அப்போது அது நகரின் ஏழைப் பகுதிகளைச் சூறையாடிக்கொண்டிருந்தது. ஹேரிங்கின் உதவியாளர் ஒருவரும் அதற்கு அடிமையாகித் துன்பப்பட்டார். 'கிராக் உருப்படாதது' என்று பொருள்படும் இந்தத் தலைப்பு, வீட்டு வாசலில் பிள்ளைகள் எதுகையோடு கத்தும் வசவைப் போன்றது. அரசு விளம்பரங்களின் தொனி அதில் இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஹேண்ட்பால் ஆடுகளச் சுவரில் அனுமதி பெறாமல் அதை வரைந்தார். கார்களில் செல்வோர் அனைவருக்கும் விளம்பரப் பலகையைப் போல அது தெரிந்தது. காவலர்கள் அவரைப் பிடித்தார்கள்; வழக்கு அபராதத்தோடு முடிந்தது. படம் அழிக்கப்பட்ட பின், நகரின் பூங்காத் துறையே அவரை அழைத்து மீண்டும் வரையச் சொன்னது. இன்று அந்த விளையாட்டிடமே ஓவியத்தின் பெயரால் அறியப்படுகிறது. ஆரஞ்சு நிறப் பின்னணியில் கரும் கோடுகளால் ஆன அப்படம் 2019இல் புதுப்பிக்கப்பட்டது.

இந்த வெற்றிக்குள் ஒரு கேள்வியும் உண்டு. ஹேரிங் வெள்ளையர், அப்போதே கலையுலகில் பெயர் பெற்றவர். அவருடைய குற்றம் அபராதத்தோடு முடிந்து அழைப்பாகவும் மாறியது. 1983இல் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கருப்பின இளைஞர், சுரங்க ரயில் நிலையத்தில் கிராஃபிட்டி எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். காவலில் இருந்த நிலையில் நினைவிழந்து, சில நாள்களில் இறந்தார். நிலையச் சுவரில் கோடு போட்ட இருவருக்கு நகரம் தந்த விடைகள் இவை. ஹேரிங் இந்த வேறுபாட்டை உணர்ந்தவர் என்பதை அவர் 1985இல் வரைந்த ஸ்டூவர்ட் பற்றிய ஓவியம் காட்டுகிறது. கழுத்து நெரிக்கப்படும் கருப்பு உடலைச் சுற்றி நிற்கும் கூட்டம் கண்களை மூடிக்கொள்கிறது. விளையாட்டுத் தன்மை முற்றிலும் நீங்கிய அவருடைய படங்களுள் அது ஒன்று.

கடையும் டி-ஷர்ட்டும்

1982இல் டோனி ஷஃப்ராஸி கலைக்கூடத்தில் நடந்த தனிக் கண்காட்சிக்குப் பின் ஹேரிங்கின் படங்களுக்குப் பெரும் விலை கிடைத்தது. அதன் விளைவு சுரங்க ரயிலிலும் தெரிந்தது. அவர் வரைந்து முடித்த சில மணி நேரத்திலேயே சிலர் கருப்புத் தாள்களை உரித்து விற்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் என்று வரைந்தது ஒருவர் வீட்டுக்குப் போனது. 1985க்குப் பின் அவர் அப்பணியை நிறுத்தியதற்கு இது முக்கியக் காரணம்.

1986இல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் 'பாப் ஷாப்' என்ற கடையைத் திறந்தார். டி-ஷர்ட், சுவரொட்டி, பொத்தான் வில்லை, காந்த வில்லை ஆகியவை அங்கே குறைந்த விலையில் விற்கப்பட்டன. கடையின் சுவர், கூரை எங்கும் அவரே கரும் கோடுகளால் வரைந்திருந்தார். கலையை விற்பனைச் சரக்காக்கிவிட்டார் என்று அவரைக் குறை கூறியவர்கள் பலர். ஒரு கேன்வாஸைச் செல்வந்தர் ஒருவர் வாங்குவதைவிட ஆயிரம் பேர் டி-ஷர்ட் வாங்குவது சுரங்க ரயிலின் நோக்கத்துக்கு நெருக்கமானது என்பது ஹேரிங் தரப்பு நியாயம்.

அந்த நியாயத்தில் வலு இருக்கிறது. எனினும் அது முழு விடையாகாது. சுரங்க ரயில் படத்தைக் காண யாரும் காசு கொடுக்கவில்லை. தேடிப் போகவும் இல்லை. எதிர்பாராத இடத்தில் அது அவர்கள் முன் நின்றது. டி-ஷர்ட்டில் அந்த எதிர்பாராத தன்மை இல்லை. வேகமாக ஓடிய கையின் தடமும் அச்சில் மறைகிறது. ஒரே உருவம் ஆயிரம் முறை அச்சாகும்போது, அண்டை உருவத்தால் மாறிக்கொண்டிருந்த பொருள் ஒரு புள்ளியில் உறைந்துவிடுகிறது. ஹேரிங்கின் மொழியை உலகெங்கும் கொண்டு சென்ற கடையே, அம்மொழியைச் சில சொற்களாகச் சுருக்கியும் விட்டது.

சுவரைப் பெயர்த்தல்

1986 அக்டோபரில் பெர்லின் சுவரின் மேற்குப் பக்கத்தில் சுமார் 300 அடி நீளத்துக்குக் கைகளும் கால்களும் கோத்த மனிதச் சங்கிலியை ஹேரிங் வரைந்தார். இரு ஜெர்மனிகளின் கொடிகளுக்கும் பொதுவான கருப்பு, சிவப்பு, மஞ்சள் வண்ணங்களை மட்டுமே பயன்படுத்தினார். விரைவிலேயே அதன்மேல் பிறர் வண்ணம் பூசினார்கள்; சில ஆண்டுகளில் அந்தச் சுவரும் வீழ்ந்தது. அப்படம் இன்று நிழற்படங்களில் மட்டுமே உள்ளது. ஆனால் பிரிக்கும் சுவரின்மேல் பிணைந்த உடல்கள் என்ற அதன் கருத்துக்கு, சுவர் இல்லாமற்போனதைவிடப் பொருத்தமான முடிவு இருக்க முடியாது.

எல்லாப் படங்களுக்கும் இத்தகைய முடிவு வாய்க்கவில்லை. நியூயார்க்கில் கிரேஸ் ஹவுஸ் என்ற இளைஞர் மையத்தின் படிக்கட்டுச் சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு அவர் வரைந்த உருவங்கள், பின்னாளில் சுவரோடு வெட்டி எடுக்கப்பட்டு 2019இல் 38 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயின. படியேறும் பிள்ளைகளோடு கூடவே ஏறிய உருவங்கள் தனித்தனித் துண்டுகளாயின. 2024 நவம்பரில் சுரங்க ரயில் படங்கள் 31 ஏலத்துக்கு வந்தன. உரித்தெடுத்தவர்களைத் திருடர்கள் என்று எளிதில் ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அவர்கள் எடுத்திராவிட்டால் அடுத்த விளம்பரம் அவற்றின்மேல் ஒட்டப்பட்டு, ஒன்றுகூட எஞ்சியிருக்காது.

ஹேரிங்கே ஒருமுறை இதைச் செய்திருக்கிறார். மைக்கேல் ஸ்டூவர்ட் இறந்தபோது, நண்பர் ழான்-மிஷேல் பாஸ்கியா ஹேரிங்கின் பணிக்கூடச் சுவரில் அந்தக் கொடுமையை வரைந்தார். இடம் மாறியபோது ஹேரிங் சுவரின் அப்பகுதியை வெட்டியெடுத்துச் சட்டமிட்டுத் தம் கட்டிலுக்கு மேல் மாட்டிக்கொண்டார். பெயர்த்தெடுப்பது எப்போதும் பேராசையால் நிகழ்வதில்லை. சில நேரம் அது நினைவைக் காக்கும் செயல். எதற்காகப் பெயர்க்கிறார்கள், பெயர்த்தது யார் கண்ணில் படும் என்பதே கேள்வி.

இறுதி ஆண்டுகள்

1988இல் ஹேரிங்குக்கு எய்ட்ஸ் நோய் உறுதிப்பட்டது. நோயைப் பற்றிப் பேசவே பலர் அஞ்சிய காலத்தில் அவர் வெளிப்படையாகப் பேசினார். 1989இல் கீத் ஹேரிங் அறக்கட்டளையை நிறுவினார். எய்ட்ஸ் பணிகளுக்கும் குழந்தைகளுக்கான அமைப்புகளுக்கும் அது உதவி வருகிறது. அதே ஆண்டில் கண், காது, வாய் ஆகியவற்றைப் பொத்திய மூன்று உருவங்களோடு அவர் வெளியிட்ட சுவரொட்டி, அறியாமையும் மௌனமும் நோயைப் போலவே கொல்லும் என்றது. முகமற்ற அவருடைய மனிதர்களுக்கு இங்கே மறைக்க ஒரு முகம் தேவைப்படுகிறது. இல்லாத கண்களைப் பொத்தும் கைகளே படத்தின் ஆற்றல்.

1989 ஜூனில் இத்தாலியின் பீசா நகரில், புனித அந்தோணியார் தேவாலயத்தின் புறச்சுவரில் 'டுட்டோமோண்டோ' என்ற சுவரோவியத்தை வரைந்தார். 'உலகம் அனைத்தும்' என்பது அதன் பொருள். சுமார் 180 சதுர மீட்டர் பரப்பில் 30 உருவங்கள் புதிர்த் துண்டுகளைப் போல ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. இரு மனிதர்கள் சேர்ந்து கத்தரிக்கோலாகிப் பாம்பை வெட்டுகிறார்கள். ஒரு தாய் குழந்தையை ஏந்துகிறாள். ஒருவன் டால்பினைத் தோளில் சுமக்கிறான். ஒரு நாளில் சுவரை முடிக்கும் பழக்கமுள்ளவர், இதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். கடும் ஒளிர்நிறங்களை விட்டு, அவ்வூர்க் கட்டடங்களோடு இணங்கும் மென்னிறங்களைத் தேர்ந்தார். நின்று நிதானமாகப் பார்க்க வரும் மக்களுக்காக அவர் வரைந்த படம் இது. சுரங்க ரயிலில் பிறந்த கோடு, அவசரம் நீங்கிய பின்னும் உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு இச்சுவரே சான்று.

அதே ஆண்டின் 'முற்றுப்பெறாத ஓவியம்' இதற்கு நேர்மாறானது. ஊதா நிறக் கேன்வாஸின் இடது மேல் மூலை மட்டும் நெருக்கமான உருவங்களால் நிறைந்திருக்கிறது. மீதி முழுவதும் வெறுமை. சில வண்ண வழிசல்கள் மட்டும் கீழே இறங்குகின்றன. சட்டத்தின் ஓரம்வரை நிறைத்தே பழகிய கை, இங்கே வேண்டுமென்றே நின்றுவிட்டது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அப்படத்தை 'நிறைவு செய்து' இணையத்தில் இட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த வெற்றிடம் எய்ட்ஸ் பறித்துக்கொண்ட வாழ்க்கைகளின் அளவு. அதை உருவங்களால் நிரப்புவது, படம் சொன்ன ஒரே வாக்கியத்தை அழிப்பதாகும்.

1990 பிப்ரவரி 16 அன்று, 31ஆம் வயதில் ஹேரிங் இறந்தார்.

மதிப்பீடு

ஹேரிங்கின் படைப்புகள் அனைத்தும் ஒரே தரத்தவை என்று கூற முடியாது. பழகிய உருவங்களைப் பழகிய முறையில் அடுக்கிய கேன்வாஸ்களும் அச்சுப்படிகளும் அவற்றில் நிறைய உள்ளன. இடமும் தேவையும் அவருடைய கையை நெருக்கிய போதெல்லாம் கோடு கூர்மை பெற்றது. கருப்புத் தாள், ஆடுகளச் சுவர், பெர்லின் சுவர், பாதியில் நின்ற ஊதாக் கேன்வாஸ் ஆகியவை இதைக் காட்டுகின்றன. நெருக்கடி இல்லாதபோது அதே கோடு அலங்காரமாகிறது.

ஆகவே, அவருடைய உருவத்தை ஒரு டி-ஷர்ட்டில் காணும் மாணவர் அதை வெறுக்க வேண்டியதில்லை. அதோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. சுரங்க ரயில் நாள்களில் ஹேரிங்கின் நண்பரான செங் குவாங் சீ என்ற நிழற்படக் கலைஞர், அவர் வரைந்த படங்களை நிலையம் நிலையமாகப் பதிவு செய்தார். அந்த நிழற்படங்களில் கருப்புத் தாளுக்குப் பக்கத்தில் மற்ற விளம்பரங்கள் இருக்கின்றன. நடைமேடையும் காத்திருக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். எதையோ வாங்கச் சொல்லும் படங்களுக்கு நடுவே, எதையும் கேட்காமல் ஒரு குழந்தை தவழ்ந்து செல்வதை அங்கே காணலாம்.